கால் ஊன்றாக் கோமான் விளிம்புப் பாதை வென்ற படலம்

வாழ்க, மூக்குக்கண்ணாடிக் கடையின் முடிசூடா மன்னர்! வாழ்க, நாற்பத்தாறு அகவையிலும் நரைக்குச் சாயமிட்டு மூப்பைப் புறங்கண்ட முரட்டுத்தோளர்! அவர் புகழ் பாடப் புகுந்த எனக்கு நா வறளாது வழுவழுவென்று ஓட அருள்வாயாக, சைக்கிள் சங்கிலிக்கு இடும் எண்ணெயே!

வினை விளைந்த விதம் கேளீர். வாங்கிய நாள்முதல் இரண்டே முறை வெளியே போன மலைச்சைக்கிள் ஒன்று, இல்லத்தரசி வாஷிங் மெஷினுக்கென்று அளந்து வைத்திருந்த இரண்டடிப் புண்ணிய பூமியை ஆக்கிரமித்துச் சமையலறை வாசலில் நின்றது. எட்டு மாதம் பொறுத்த பெருமாட்டி, ஒரு வெள்ளிக்கிழமை ஈரப்போர்வையைப் பிழிந்தபடியே ஆணை பிறப்பித்தாள். பெரும்பள்ளத்தாக்கின் விளிம்பைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் பாதை ஒன்று உண்டு. நீளம் பதினோரு கிலோமீட்டர். “அதை ஒரு தடவை முழுசா சுத்திட்டு வாங்க. நடுவுல எங்கயாவது கால் தரையில பட்டுச்சுன்னா, சைக்கிள் வீட்டை விட்டுப் போயிடணும்.”

சாட்சிக்குத் தன் தம்பியையே இன்னொரு சைக்கிளில் பின்னால் அனுப்பினாள். நீச்சல் பயிற்சியாளனான அந்த மைத்துனனுக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் நம் வீரருக்கு வந்த சோதனை. ஆயினும் பெடலைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும் புத்தம்புதுக் காலணி பூண்டு, இனி நானே நினைத்தாலும் கால் தரைக்குப் போகாது என்று முழங்கிப் புறப்பட்டார் தலைக்கவசத் தளபதி.

செம்மண் புழுதி விண்மறைக்க, சரளைக்கற்கள் சடசடவெனத் தெறிக்க, இடப்புறம் கிடுகிடு பள்ளத்தில் ஆறு அறுந்த நூலாய்க் கிடக்க, வலப்புறம் முட்புதர்ப்படை வேல்தாங்கி வரிசைகட்ட, மூச்சு முன்னே ஓட வயிறு பின்னே வர, பாறைப்படி பதினான்கிலும் பின்பக்கம் அடிவாங்கி, ஏற்றங்களில் வீட்டுக் கடவுளரையும் இறக்கங்களில் வீட்டுக்காரியையும் விளித்து, பத்துக் கிலோமீட்டரைக் கடந்தார் நம் பிருட்டப்புண் வேந்தர்!

அங்கே நின்றது ஓர் ஆடு.

பாதை நடுவே நின்று அசைபோட்டது. வீரர் மணியடித்தார், அது காதை மட்டும் ஆட்டியது. விலகு, அற்பப் பிராணியே, என்று அவர் கர்ச்சித்தார். அது புழுக்கை போட்டது. பிரேக்கைப் பிடித்து, மூன்று கணம் அந்தரத்தில் அசையாது நின்று, காலை விடுவிக்கத் தெரியாமல், வலப்பக்கமாக மெல்ல, மிக மெல்ல, சைக்கிளோடு முட்புதர்மேல் சாய்ந்தார் கோமான். பள்ளத்தின் பக்கம் சாயாதது யார் செய்த புண்ணியமோ!

மைத்துனன் ஓடிவந்து, குனிந்து, புதருக்கடியில் தலைவிட்டு ஆராய்ந்தான். “மாமா, கால் தரையில படல. ஆனா எழுந்தா பட்டுடும்.”

ஐயகோ! முதுகெங்கும் முள் தைக்க, தேன்மெழுகில் சிக்கிய ஈயாய்க் கிடந்தபடியே வீரர் பிரகடனம் செய்தார். “நான் எழமாட்டேன். என்னை சைக்கிளோட தூக்கு.” எண்பத்தெட்டுக் கிலோ மாமனையும் பதினான்கு கிலோ வாகனத்தையும் ஒருசேரத் தூக்க முனைந்த மைத்துனனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அவ்வழி உலா வந்த பல் மருத்துவப் பெண்மணியும் அவர் அக்காவும் காலணியைக் கழற்றிவிடலாமே என்றார்கள். கூடாது என்று அலறினார் கிடந்தவர். மைத்துனன் வழக்கை முழுவதும் விளக்கினான். அக்கா பெருமூச்செறிந்து, சைக்கிள் வேணும்னா விழத்தானே செய்யணும் என்று சொல்லிக் கைப்பையை மருத்துவத் தங்கையிடம் கொடுத்து, பிறகு அவளையும் பிடிக்கச் சொன்னாள். மூவரும் முக்கித் தூக்கி நிமிர்த்தித் தள்ளிவிட, ஆடும் அதுவாகவே விலக, புறப்பட்டார் புதர்மீண்ட பெருவீரர்!

வண்டிகள் நிறுத்துமிடத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மைத்துனன் அவரைத் தாங்கி இறக்கினான். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, கைபேசியில் எடுத்த காணொளியையும் அங்கே காரோடு காத்திருந்த தன் அக்காவுக்குக் காட்டினான். உதட்டை இறுக்கிக்கொண்டு பார்த்தவள், ஆடு வந்த இடத்தில் அடக்கமாட்டாமல் சிரித்து, கார்க்கதவில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவள் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று வீரருக்கு முள்வலியிலும் மனம் குளிர்ந்தது. அவர் முதுகில் ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கியபடி தீர்ப்புரைத்தாள் பெருமாட்டி. “படலதான். சைக்கிள் அங்கேயே இருக்கட்டும்.”

முரசறைமின்! முடிபுனைமின்! இரண்டடி நிலம் மீட்ட இணையிலா வெற்றியை எண்டிசையும் ஏத்துமின்! சமையலறை வாசலில் வானளாவ நிமிர்ந்து நிற்கிறது அவ்விருசக்கரத் திருவுரு!

இப்போது அதன்மேல் துணி காய்கிறது.