ஆணி மாமு வீட்டில் ஓர் ஆணி

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளைப் பத்திரிகை ஆசிரியர்தான் திருத்திப் போட வேண்டும்.

உலகத்திலேயே ஆணிக்குப் பயந்த ஒரே எலக்ட்ரீஷியன் எங்கள் ராயபுரம் ஆணி மாமுதான். கல்யாண வீடுகளுக்குக் கயிற்றாலேயே சீரியல் விளக்கு கட்டிவிடுவார். அவர் வீட்டில் காலண்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். விருந்தாளி நிற்க வேண்டும். நானும் எலக்ட்ரீஷியன்தான்; அவரோடு வேலைக்குச் சேர்ந்து முதல்முறை பார்த்தபோது திகைத்துப்போனேன்.

"ஒரு ஆணி அடிச்சா இன்னா மாமு?"

"சொவுத்துக்கு நோவாதா நைனா?"

துறைமுகத்துக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரன் காலத்துக் கிடங்கில், பழைய துறைமுகத் தொழிலாளர்களின் புகைப்படக் கண்காட்சி; விளக்கு வேலை எங்களுக்கு. ஸ்டாண்டில் நிற்கும் படங்கள் வாராவாரம் இடம் மாறும். விளக்குகளும் கூடவே மாற வேண்டும். கட்டடத்தைப் பாதுகாக்கும் அதிகாரி அம்மா போட்டது ஒரே நிபந்தனை. சுவரில் ஒரு ஓட்டை விழுந்தாலும் கண்காட்சி ரத்து.

மாமு காசிமேட்டிலிருந்து பழைய மீன்வலையைக் கொண்டுவந்தார். மணல் நிரப்பிய டின்களில் சவுக்குக் கம்பங்களை நட்டு, தலைக்கு மேலே வலையை இழுத்துக் கட்டினார். வலைக்கண்களில் சூடாகாத எல்இடி விளக்குகளைக் கொக்கியால் மாட்டினார். படம் நகர்ந்தால் விளக்கைக் கழற்றி வேறு கண்ணில் மாட்டினால் போதும். எதுவும் சுவரைத் தொடவில்லை. நான் வாயைப் பிளந்தேன். எத்தனை தடவை அலசியும் போகாத மீன் வாசனைக்குத் துறைமுகத்துப் பூனைகள் ஏழு வந்துவிட்டன.

"என்னங்க இது, பூனையெல்லாம் வருது?" என்றார் அதிகாரி அம்மா.

"ஓப்பனிங்குக்கு மொத ஆளுங்க மேடம்!"

சிரித்துக்கொண்டே சுவர்களைச் சோதித்தவர் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டார். அங்கே சுவரில் ஓர் ஆணி. ஆணியில் என் சோத்துப் பை.

எங்கள் தொழிலில் எங்கே போனாலும் முதல் வேலை, சட்டையும் சோத்துப் பையும் மாட்ட ஓர் ஆணி அடிப்பது. இருபது வருஷப் பழக்கம். கை அடித்துவிட்டது, மூளையைக் கேட்கவே இல்லை.

"யார் அடிச்சது?"

மாமு பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான்தான் மேடம்."



"ஆணியே அடிக்க மாட்டேன்னு பெருமையா சொன்னீங்களே!"

"வயசாயிடுச்சு மேடம், கை சொன்ன பேச்ச கேக்க மாட்டேங்குது. என்னைத் தொரத்துங்க. அந்தப் படத்துல கீற ஆளுங்க இன்னா பாவம் பண்ணாங்க?"

அந்த அம்மா வெகுநேரம் வலையை அண்ணாந்து பார்த்தார். "கண்காட்சி நடக்கட்டும். ஆனா நீங்க இந்த வாசலுக்குள்ள வரக்கூடாது."

மாமு கட்டிய வெளிச்சத்தை ஊரே உள்ளே நின்று பார்த்தது. அவர் மட்டும் எதிர் டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று வாசல் வழியே பார்த்து என்னிடம் கத்திக்கொண்டிருந்தார். "டேய், மூணாவது லைட்ட எறக்குடா! மூட்ட தூக்குறவரு மூஞ்சி இருட்டா கீது!"

கண்காட்சி முடிந்ததும் மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். கேட்பதற்குள் கண் சுவரில் குத்தி நின்றது. ஒரு வளைந்த ஆணி!

"அதேதான். புடுங்கி என் கையிலயே குட்த்தாங்க," என்றார்.

"சொவுத்துக்கு நோவாதா மாமு?"

"நோவும். நீ என்னோட எங்க வந்தாலும் பைய வெச்சிக்கினு முழிக்கிறியே. இங்க மாட்டு."

மாட்டினேன். இன்றும் என் பைக்கு அங்கேதான் இடம்.

அதிகாரி அம்மா, அந்த ஆணியை அடித்தது நான்தான்.

எழுதியது: அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை.