ஞாயிற்றுக்கிழமை நாலரை மணி ஆட்டம்

கால்பந்தாட்டம் என்பது தொண்ணூறு நிமிடம். ராகுகாலம் என்பதும் தொண்ணூறு நிமிடம். இந்த இரண்டு உண்மைகளும் நெடுங்காலமாக ஒன்றையொன்று அறியாமல் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டையும் அறிமுகம் செய்துவைத்த பெருமை, திருப்பதி ஸ்வர்ணமுகி எஃப்.சி.யின் முதன்மை நிர்வாக அதிகாரி திருவாளர் வெங்கடராகவன் அவர்களையே சேரும்.

ஸ்வர்ணமுகி எஃப்.சி. இரண்டாம் நிலை லீக்கில் ஆடுகிற அணி. இரண்டாம் நிலை என்றால், முதல் நிலைக்குப் போவதாகப் பேட்டி கொடுத்துக்கொண்டே மூன்றாம் நிலைக்குப் போய்விடாமல் இருக்கப் பாடுபடுவது. முதலாளி சித்தூர்க்காரர், கிரானைட் வியாபாரி. எல்லா நிர்வாகமும் ஒரே நிர்வாகம்தானே என்று நினைத்து, அரசாங்க அலுவலகம் ஒன்றில் காலமெல்லாம் கோப்பு தள்ளி ஓய்வு பெற்ற வெங்கடராகவனைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். பந்து உருண்டை என்பது வெங்கடராகவனுக்குத் தெரியும். அதற்குமேல் அவர் ஆட்டத்தில் தலையிட விரும்பியதில்லை, முதல் ஆட்டம் முடியும் வரை.

அணியின் முன்கள ஆட்டக்காரன் பவன்குமார். வெதுருகுப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பையன். அவன் அப்பா ஏகாம்பரம் ஊர் ஊராகக் கூலி வேலை செய்து, கடைசியில் கையகல நிலம் வாங்கி மாங்கன்று நட்டவர். பவன்குமாரின் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. சீசனில் ஒரு கோலாவது அடித்தால்தான் அடுத்த வருடமும் வேலை. அடிக்காவிட்டால் பழையபடி மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் பழப்பெட்டி தூக்கப் போக வேண்டியதுதான். போன வருடம் கோல் மேல் கோலாக அடித்தவனுக்கு ஒரு கோல் என்ன பெரிய கோல் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

ஜனவரியில் சொந்த மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் ஸ்வர்ணமுகி மூன்று கோல் வாங்கித் தோற்றது. மறுநாளே விசாரணை வைத்தார் வெங்கடராகவன். பயிற்சியாளர் கேசவன், பின்வரிசைப் பையன்கள் ஓடவில்லை என்று சொல்லிப் பார்த்தார். வெங்கடராகவன் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மேட்ச் என்னிக்கு?"

"சண்டே சார்."

"எத்தனை மணிக்கு?"

"நாலரைக்கு."

வெங்கடராகவன் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைக் காட்டினார். ஞாயிறு, ராகுகாலம் நாலரை முதல் ஆறு வரை. "ராகுகாலம் வர்ற கிழமை வரிசையை ஞாபகம் வெச்சுக்கச் சின்ன வயசில ஒரு வாக்கியம் சொல்லித் தருவாளே, விளையாடச் செல்வது ஞாயமான்னு முடியுமே. யாருக்காகய்யா எழுதி வெச்சா? நமக்காகத்தான்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெங்கடராகவனின் அண்ணா திருமலையில் கைங்கரியம் செய்கிறவர். அவருக்கு ராகுவைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது, பெருமாள் பார்த்துக்கொள்வார். பயமெல்லாம் அலுவலகத்தில் இருந்த தம்பிக்குத்தான். ஒரு முறை தெரியாத்தனமாக ராகுகாலத்தில் ஓர் உத்தரவை வாங்கிப் பிரித்தார். நாயுடுபேட்டைக்கு மாற்றல். அன்றிலிருந்து அவர் ஜாக்கிரதையாகிவிட்டார்.

ஆட்ட நேரத்தை மாற்றக் கோரி லீக் தலைமைக்கு எழுதினார். பதில் வந்தது. மைதானத்தில் விளக்கு இல்லாத காரணத்தால் பிந்தவும், வெயில் இருக்கும் காரணத்தால் முந்தவும், டி.வி. ஒப்பந்தம் உள்ள காரணத்தால் கிழமை மாறவும் இயலாது என்பது இதனால் தெரிவிக்கப்படுகிறது. படித்துவிட்டு வெங்கடராகவன் மனம் தளரவில்லை. ஆட்டத்தின் நேரத்தைத்தான் மாற்ற முடியாது, ஆட்டத்தை மாற்றலாமே.

முதல் சர்குலர் வெளியானது. ராகுகாலத்தில் எதையும் ஆரம்பிக்கத்தான் கூடாது, ஏற்கெனவே ஆரம்பித்ததைத் தொடரலாம் என்பது சாஸ்திரம். ஆகவே இனி ஆட்டம் நாலு இருபதுக்கே உடை மாற்றும் அறையில் ஆரம்பமாகிவிடும். சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கி, பவன்குமார் வலது காலால் பந்தை மெல்லத் தட்டுவான். மைதானத்தில் நடுவர் ஊதுவது ஆரம்ப விசில் அல்ல, தொடர்ச்சி விசில்.

இந்த ஏற்பாட்டோடு இரண்டாவது ஆட்டத்தில் நடுக்கள வீரன் ஒருவன் கோல்கூடப் போட்டுவிட்டான். போட்ட சந்தோஷத்தில் குட்டிக்கரணம் அடித்துக் கணுக்காலை முறித்துக்கொண்டான். வெங்கடராகவனுக்கு விளங்கிவிட்டது. ஆட்டம் தொடர்ச்சிதான், ஆனால் கோல் என்பது புதுக் காரியம். இரண்டாவது சர்குலர் வந்தது. ஆறு மணிக்கு முன் கோல் அடிப்பதோ, அடிக்க முயல்வதோ, அடிக்கும் எண்ணத்துடன் பந்தை அணுகுவதோ ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது.

பவன்குமார் சர்குலரைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆபீஸ் அறைக்குப் போனான்.

"சார், கோல் அடிக்காம எப்பிடி சார் கெலிக்கிறது?"

"அடிக்க வேண்டாம்னு யாரு சொன்னா? ஆறு மணிக்கு மேல அடி. இடைவேளையோட சேர்த்தா மேட்ச் ஆறேகாலுக்குத்தானே முடியறது. முழுசாக் கால்மணி நேரம் இருக்கே."

"அதுக்கு முன்னாடி எதிர் டீம் அடிச்சிட்டா?"

"தாராளமா அடிக்கட்டும். கெடுதல் அவாளுக்குத்தானே."

"த்ரோ-இன் பண்லாமா?"

"தொடர்ச்சி. பண்ணலாம்."

"கார்னர் கிக்?"

வெங்கடராகவன் கொஞ்சம் யோசித்தார். "அது பரிசீலனையில இருக்கு."

"பெனால்ட்டி குடுத்தாங்கன்னா?"

"பணிவா மறுத்துடு."

பவன்குமார் சர்குலரைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தான். ஞாயிறு தவறாமல் ஆட்டம் பார்க்க வரும் ஏகாம்பரத்திடம் அன்று சாயங்காலம் கொட்டித் தீர்த்தான். "ராகு இன்னா நைனா டிஃபெண்டரா? கால நடுவுல வுட்றானா? இவங்க பயத்துக்கு என் பொழப்பு போவுது."

ஏகாம்பரம் மசால் வடையை மென்றபடி சொன்னார். "எனக்கும் இதுலல்லாம் நம்பிக்க கெடயாதுடா. ஆனா அத்தினி பேரு சொல்லிக்கினுகீறாங்க. நமக்கு இன்னாத்துக்கு வம்பு?"

அடுத்த ஆட்டத்தில் எதிரணி ஐந்து மணிக்கு ஒரு கோல் போட்டு ஜெயித்தது. ஊர் திரும்பும்போது அவர்கள் பஸ் ஏர்பேடு தாண்டுவதற்குள் நின்றுபோனது. அதற்கு அடுத்த அணி இரண்டு கோல் போட்டு ஜெயித்தது. அந்த வாரமே அவர்கள் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பழைய பஸ் நிற்பதும், கால்பந்துப் பயிற்சியாளர் வீட்டுக்குப் போவதும் எப்போதும் நடக்கிறதுதான். ஆனால் இப்போது காரணம் கிடைத்துவிட்டது. செய்தி லீக் முழுக்கப் பரவியது. ஸ்வர்ணமுகிக்கு எதிராக ஆறு மணிக்கு முன் கோல் போட எவனுக்கும் கால் வரவில்லை. வந்த அணியெல்லாம் பந்தை நடுக்களத்திலேயே வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தது.

இதன் பிறகுதான் விஷயம் நாகரிகமாயிற்று. டி.வி.யில் இறுக்கமான கோட்டு போட்ட நிபுணர் ஒருவர் இதற்குக் 'காலம் சார்ந்த தற்காப்பு' என்று பெயர் வைத்து, திரையில் அம்புக்குறி போட்டு விளக்கினார். ஐரோப்பாவில் இதைப் பத்து வருடம் கழித்துத்தான் கண்டுபிடிப்பார்கள் என்றார். பெங்களூரில் ஒரு கம்பெனி, நிமிடத்துக்கு நிமிடம் ராகுவின் நிலையைக் காட்டும் கைப்பட்டையைத் தயாரித்து எல்லா அணிகளுக்கும் விற்றது. காயங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டதாக லீக் தலைமை அறிக்கை விட்டுப் பெருமைப்பட்டது. ஓடாதவனுக்கு ஏது காயம்?

ஜனங்களும் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். ஐந்தே முக்காலுக்குத்தான் மைதானத்துக்கு வந்தார்கள். அதுவரை உள்ளே கோல்கீப்பர்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து போன் பார்த்தார்கள். ஆறு அடித்ததும் இருபத்திரண்டு பேரும் ஒரே சமயத்தில் பந்தின் மேல் பாய்வார்கள். ரேணிகுண்டாவில் ஜெனரல் பெட்டி ஏறுகிற கூட்டம் மாதிரி ஒரு தள்ளுமுள்ளு. அந்த நெரிசலில் பந்தையே காணவில்லை என்னும்போது பவன்குமார் கோல் எங்கே அடிப்பது? பூஜ்யத்துக்குப் பூஜ்யம், மறுபடி பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்றே சீசன் ஓடியது. அவன் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. ராத்திரி படுத்தால் கூழ் ஃபாக்டரியின் புளித்த வாடை மூக்கில் வந்தது.

ஏப்ரல் மாதம் கடைசி ஆட்டம் வந்தது. எதிரணி வேலூரிலிருந்து பாலாறு ரோவர்ஸ். பட்டியலின் அடியில் இரண்டு அணியும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஜெயிக்கிற அணி தப்பிக்கும், தோற்கிற அணி மூன்றாம் நிலைக்கு இறங்கும். சமனாக முடிந்தால் இரண்டுமே இறங்கும். இறங்கினால் நீயும் இறங்கு என்று முதலாளி வெங்கடராகவனுக்குப் போனிலேயே சொல்லிவிட்டார். பவன்குமாருக்கோ இது கடைசி வாய்ப்பு.

வழக்கம்போல் ஆட்டம் ஆடாமல் நடந்தது. ஐந்தரைக்கு மேல் மலைப்பக்கமிருந்து கருமேகம் திரண்டு வந்து மைதானமே இருட்டியது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி இரண்டு அணித் தலைவர்களையும் கூப்பிட்டார்.

"வெளிச்சம் போய்க்கினேகீது. மழ வந்துச்சின்னா ஊதி முடிச்சிடுவேன். ஆறு வரிக்கும் தாங்காது. இப்பிடியே எழுதிக்க வேண்டியதுதான்."

இதைக் கேட்டதும் ஓரத்தில் நின்ற வெங்கடராகவனின் முகம் வெளுத்தது. இத்தனை நாளும் நம்பியிருந்த கால்மணி நேரம் இன்றைக்குக் கிடையாது. அந்த நேரம் பார்த்துப் பாலாறு ஆட்டக்காரன் ஒருவன் பந்தைத் தன் கோல்கீப்பருக்கு மெதுவாகத் தட்டிவிட்டான். கோல்கீப்பர் அங்கே இல்லை. மணி ஐந்து ஐம்பத்து மூன்று என்பதால் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். பந்து உருண்டு வந்து பவன்குமாரின் காலடியில் நின்றது. எதிரே வெறும் கோல். வலையைத் தவிர ஒன்றும் இல்லை.

"அடிறா பவன்," என்று கத்தினார் கேசவன். பிறகு அதையே தெலுங்கிலும் கத்தினார். "கொட்டுரா!"

பவன்குமார் காலைத் தூக்கினான். தூக்கிய கால் வந்து பந்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.

"ஏன்டா நிக்கற? அடி!" வெங்கடராகவன் கோட்டைத் தாண்டி உள்ளேயே ஓடிவந்துவிட்டார்.

"மணி ஆவல சார்."

"மணியாவது மண்ணாவது. நான் சொல்றேன், அடி."

"நீங்கதான சார் புதுக் காரியம்னு சர்குலர் போட்டீங்க?"

"ரத்து பண்ணியாச்சு. கோலும் தொடர்ச்சிதான்டா. கார்னர், பெனால்ட்டி, எல்லாம் தொடர்ச்சி. போதுமா?"

பவன்குமாருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சத்தியமாகக் கிடையாது. சீசன் பூராவும் விழுந்து விழுந்து சிரித்தவன் அவன். ஆனால் இது சும்மா ஒரு கோல் இல்லையே. அடுத்த வருடத்து வேலை, நைனாவின் மனநிம்மதி, அவன் வாழ்க்கை எல்லாம் இந்தக் கோலில் இருந்துதான் ஆரம்பம். மற்ற காரியமென்றால் பரவாயில்லை. இவ்வளவு முக்கியமானதைப் போய் இந்த நேரத்தில் ஆரம்பித்து, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? நம்பிக்கை இல்லைதான். ஆனாலும் எதற்கு வம்பு?

பாலாறு ஆட்டக்காரர்கள் ஓடிவந்து பந்தைப் பறித்திருக்கலாம். ஒருவரும் பறிக்கவில்லை. சுற்றி நின்று அவரவர் கைப்பட்டையைப் பார்த்தார்கள். கோல்கீப்பரும் பஜ்ஜியை முடித்துவிட்டு வந்து கம்பத்தில் சாய்ந்துகொண்டான். "அவசரப்படாத தம்பி," என்றார் அவர்கள் அணித் தலைவர். "பொழுது கீது."

  வெங்கடராகவன் தானே உதைத்துவிடலாம் என்று வேட்டியைத் தூக்கிக் கட்டினார். கேசவன் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்போது முதல் துளி பவன்குமாரின் மூக்கில் விழுந்தது. அடுத்து சடசடவென்று கொட்டியது. நடுவர் நீளமாக ஊதினார். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். இரண்டு அணியும் மூன்றாம் நிலைக்கு இறங்கின.

எல்லாரும் தகரக் கொட்டகைக்கு ஓடினார்கள். பவன்குமாரை ஒருவர்கூடத் திட்டவில்லை. "நல்ல வேள, அடிக்காம வுட்ட," என்று வழியில் நாலு பேர் முதுகில் தட்டினார்கள். ஏகாம்பரம் துண்டால் அவன் தலையைத் துவட்டிவிட்டார். பவன்குமார் அழுதான். எதற்காக அழுகிறோம் என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

வெங்கடராகவன் நனைந்தபடியே வந்து, பையிலிருந்து பவன்குமாரின் பணிநீக்க உத்தரவை எடுத்தார். "ஒரு கோல் போட வக்கில்லாத உனக்கு இங்க வேலை இல்லை. ராகுகாலமாம் ராகுகாலம். படிச்ச பிள்ளைதானே நீ?" என்று பேனாவின் மூடியைக் கழற்றினார். கழற்றியவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரும்ப மூடினார்.

"கையெழுத்து போடுங்க சார்," என்றான் பவன்குமார்.

"ரெண்டு நிமிஷம் பொறு."

இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறு அடித்ததும் வெங்கடராகவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பவன்குமார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். உடனே வெங்கடராகவனின் போன் அடித்தது. பேசியவர் முதலாளி.

"ஊதின உடனே பண்ணலாம்னுதான் போன எடுத்தேன். ஆறு ஆவட்டுமேன்னு வெச்சிட்டேன். நாளையிலேர்ந்து நீங்க வர வாணாம்."

வெங்கடராகவன் போனை வேட்டி மடிப்பில் செருகினார். மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. பவன்குமார் அவர் பக்கம் கொஞ்சம் நகர்ந்து, ஒழுகாத இடத்தில் அவருக்கும் இடம் விட்டான்.

"இனிமே இன்னா சார் பண்றது? நாளைக்கே எங்கனா வேல தேடணும்."

வெங்கடராகவன் விரல் விட்டு ஏதோ எண்ணிப் பார்த்தார்.

"நாளைக்குத் திங்கட்கிழமை," என்றார். "ஏழரைக்குப் பிடிச்சுதுன்னா ஒன்பது வரைக்கும் ஒண்ணும் ஆரம்பிக்க முடியாது. அதுக்கு மேல பாக்கலாம்."

பவன்குமாரும் சரி என்று தலையாட்டினான்.