பீக்கிங்கின் பழைய பெயர் பீக்கிங்

'பெய்ஜிங்கை ஆங்கிலேயர்கள் நெடுங்காலம் பெய்ஜிங் என்றே தவறாக எழுதிவந்தனர்.'

திரையில் இந்த வரியைப் படித்ததும் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவளுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது.

பேராசிரியரின் சீனப் பயண நூலில் பழைய ஊர்ப் பெயர் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். இவளும் பீக்கிங் எல்லாம் பெய்ஜிங், கான்டன் எல்லாம் குவாங்சோ என்று ஒரே தட்டில் மாற்றிச் சேமித்துவிட்டு, நிம்மதியாக டீ குடித்துவிட்டு வந்தாள். ஏழாம் அத்தியாயமே அந்தப் பெயர்கள் ஆங்கிலத்தில் எப்படி வந்தன என்பதைப் பற்றித்தான் என்று யார் கண்டது? பேராசிரியரிடமும் வேறு பிரதி கிடையாது.

பேராசிரியர் லேசுப்பட்டவர் இல்லை. போன தடவை ஒரு கால்புள்ளி விட்டுப்போனதற்கே ஆபீசில் சாமியாடிவிட்டார். இன்னொரு தரம் அவரிடம் பேச்சு வாங்கினால் வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரருக்கோ வேலை போய் ஆறு மாதம். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

சரி, மாற்றியதைத் திருப்பி மாற்றினால் போச்சு என்று மாற்றினாள். 'பீக்கிங்கின் பழைய பெயர் பீக்கிங்' என்று ஆனது.

பக்கத்து மேசை அட்டை வடிவமைப்பாளர் மகா புத்திசாலி. ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். போட்டாள். போர்த்துகீசியர் வாயில் நுழையாத கான்டன், குவாங்சோ என்று திரிந்து நின்றது. சரித்திரமே தலைகீழ்!

காலையிலிருந்து பேராசிரியரிடமிருந்து போன் மேல் போன். இவள் எடுக்கவில்லை. கடைசியில் மனைவியோடு ஆளே நேரில் வந்து நின்றார்.

"ஏழாம் அத்தியாயம்..." என்று அவர் இழுத்தார்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"போச்சுங்க ஐயா. என் தப்புதான்."

"திரும்பக் கிடைக்குமா?"

"கிடைக்காதுங்க."

பேராசிரியர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் துடைத்தார். அவ்வளவுதான், வேலை போச்சு என்று இவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

அவர் மனைவி வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ நல்லா இருப்பேம்மா. தெரியாத ஊருக்கெல்லாம் சொந்தச் சரக்கா பேர்க் காரணம் எழுதிக் கொடுத்துட்டு, அதை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்கிட்டத் திரும்பக் கேக்குறதுன்னு மனுஷன் ரெண்டு நாளா தூங்கலை."