மந்தைவெளி ஹாலில் அட்லாண்டிக் கடல்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குக் கர்வம் இருக்கக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. போட்டிருந்தாலும் நான் மதித்திருக்க மாட்டேன். (தமிழில் போட்டிருந்தால் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மதித்திருக்க மாட்டேன். இங்கிலீஷில் போட்டிருந்தால் படிக்காமலே.)

என் கர்வத்துக்கு முக்கியக் காரணம் அமெரிக்கா. என் மகன் சரவணன் வட கரோலினா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். ஒரு தடவை போய் ஆறு மாதம் அவனோடு இருந்தேன். லீவு போட்டுவிட்டு, மேற்கு மூலையிலிருந்து கிழக்குக் கரை வரைக்கும் காரிலேயே எனக்குச் சுற்றிக் காட்டினான். மேற்கே நீலப் புகை படிந்த மலைகள். அங்கிருந்து இறங்கினால் மேடும் பள்ளமுமாகச் செம்மண் பூமி. பெரிய ஊர்கள் எல்லாம் அதில்தான். அதற்கும் கிழக்கே தோசைக்கல் மாதிரி தட்டையான மணல் பூமி, பைன் காடு, சதுப்பு நிலம். கடைசியில் கடல். கரையை ஒட்டிக் கயிறு போட்ட மாதிரி நீள நீளமாக மணல் தீவுகள். மேற்கே மலை, கிழக்கே கடல். அட, நம் ஊர் மாதிரியே இருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். திரும்பி வந்த பிறகு மாட வீதியில் பூ வாங்கும்போதுகூட இதைச் சொல்லாமல் வந்ததில்லை. என்னைக் கண்டாலே பூக்காரம்மா வேகவேகமாக முழம் போட ஆரம்பித்துவிடுவாள்.

அப்புறம் மருமகள் நித்யா உண்டானாள். தை மாதம் பிரசவம். முதல் மூன்று மாதம் அவள் அம்மா போவது, அடுத்த மூன்று மாதம் நான் போவது என்று பேச்சு. நித்யாவின் அம்மா, அதாவது என் சம்பந்தி, அடையாறில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் போனில் மெதுவாக ஆரம்பித்தார்.

"சம்பந்தி, ஆறு மாசமும் நானே இருந்துட்டு வந்துடறேனே. உங்களுக்கு எதுக்குச் சிரமம்? அங்க போர்டு படிக்கணும், டாக்டர் சொல்றதைக் கேட்டுக்கணும். போன தடவை சுத்திப் பார்த்ததுலயே எது எங்க இருக்குன்னு உங்களுக்கு என்ன புரிஞ்சிருக்கும்?"

டாக்டர் விஷயம் நியாயம்தான். அந்தக் கடைசிப் பேச்சுதான் சுருக்கென்றது. என் மூன்று மாதத்தைக் காப்பாற்ற ஒரே வழி, அந்த மாநிலம் எனக்கு உள்ளங்கை மாதிரி என்று அந்தம்மாவுக்குக் காட்டுவது. நவராத்திரியும் வந்தது. மற்ற வீடுகளில் கொலுப்படிக்குப் பக்கத்தில் பார்க் கட்டுவார்கள். நான் வட கரோலினா கட்டுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் கொலுப்படி மேற்குச் சுவரை ஒட்டி, கிழக்கே பார்த்து இருக்கும். மேற்கில் மலை என்பதால் மலை படியின் காலடியில் வந்தது. அப்படியென்றால் கடல் கிழக்கே வரவேண்டும். கிழக்கே இருப்பது வாசற்கதவு.

"கடலை ஜன்னல் பக்கம் தள்ளி வையேன். வர்றவங்க எப்படி உள்ள வருவாங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஜன்னல் தெற்கு. தெற்கே கடல் வெச்சா அது வேற மாநிலம்."

"பொம்மைக்குத் திசை தெரியுமா சரோஜா?"

"எனக்குத் தெரியும்."

செங்கல் அடுக்கி, சாக்குப் போர்த்தி, களிமண் பூசி மலை செய்தேன். நர்சரியில் செம்மண் வாங்கி நடு மேடு. பட்டினப்பாக்கத்து மணலில் தீவுகள். கஜேந்திர மோட்ச செட்டிலிருந்து முதலையை மட்டும் எடுத்துச் சதுப்பு நிலத்தில் விட்டேன். (காலைப் பிடிக்க யாருமே இல்லாமல் யானை கதறிக்கொண்டிருந்தது. பெருமாளும் பாவம், கருடன்மேல் அவசரமாக வந்துகொண்டிருந்தார்.) வாசலை ஒட்டி உள்பக்கமாகச் செங்கல்லால் வரப்புக் கட்டி, நீலத் தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் ஊற்றினேன். கடல் தயார். வருகிறவர்கள் கடக்க அதன்மேல் ஒரு பலகை.

ஆறு இல்லாமல் ஒரு மாநிலமா? பிளம்பர் ஏழுமலையைக் கூப்பிட்டு, பழைய ஏர்கூலர் மோட்டாரை மாட்டச் சொன்னேன். அவன் வாசலில் நின்று பார்த்தான்.

"இன்னாம்மா, ஊட்டுக்குள்ள ஆறு உடறியா? மழை வந்தா அதுவே தெருவுல வரப்போவுது. அதுக்குள்ள இன்னா அவசரம்?"

"நீ மாட்டுப்பா."

மாட்டினான். மலை உச்சியிலிருந்து ஆறு சன்னமாக இறங்கி, செம்மண் மேட்டைச் சுற்றி, சமவெளியில் வளைந்து கடலில் சேர்ந்தது. பார்க்கப் பார்க்க எனக்கே திருஷ்டி படும்போல இருந்தது.

சம்பந்தி மாம்பழக் கலர் பட்டுப் புடவையில் வந்தார். பலகையில் ஏறியவர் பாதியிலேயே நின்று, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி மேற்கிலிருந்து கிழக்காகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பரவாயில்லையே சம்பந்தி. மலை, செம்மண் மேடு, சமவெளின்னு எல்லாம் வரிசையா வந்திருக்கு. தீவைக்கூட விடல."

என் தலை ஃபேனில் இடிக்காத குறை. மூன்று மாதம் கைக்கு வந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணுதான். மலைக்கு அந்தப் பக்கம் பெய்யற மழை இந்தக் கடலுக்கு வராது. அது மேற்கால போற ஆறு. அதைக் காணோமே?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் சுண்டல் சாப்பிட்டுவிட்டுச் சமாதானமாகப் போயிருப்பார்.

"எல்லாத் தண்ணியும் இந்தக் கடலுக்குத்தான் வரும்," என்றேன். "என்னங்க, மோட்டாரைக் கூட்டுங்க. அவங்களுக்கு ஆறு சரியாத் தெரியல."

"தெரியுது சரோஜா, போதும்."

"கூட்டுங்கன்னா கூட்டுங்க."

கூட்டினார். மலைக்குப் பின்னால் டியூப் கழன்றது. பாதித் தண்ணீர், அந்தம்மா சொன்ன மாதிரியே, மேற்கே கொலுப்படிக்கு அடியில் போனது. மீதிப் பாதி மலையைக் கரைத்து, செம்மண் மேட்டையும் வாரிக்கொண்டு கிழக்கே புறப்பட்டது. காகிதக்கூழ் செட்டியார் மளிகைக் கடையை விட்டுவிட்டு மிதந்து போனார். பலகையைத் தாங்கிய செங்கல் நகர்ந்தது. சம்பந்தி அட்லாண்டிக் கடலில் அப்படியே உட்கார்ந்தார்.

செம்மண் குழம்பு மெதுவாக அவர் மடிக்கு வந்து சேர்ந்தது. குனிந்து அதைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"செம்மண் கடல் வரைக்கும் வராது சம்பந்தி. நடுவுலயே நின்னுடும்."

அப்புறம்தான் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. கணுக்கால் பிசகியிருந்தது. மேலேயிருந்து சொட்டுகிறது என்று சண்டைக்கு வந்த கீழ்வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரருமாகத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள்.

அன்று சரவணன் போனில் சொன்னதை எங்கள் உறவில் கேட்காத காது இல்லை. "அம்மா, இங்க வரணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே. அத்தையைக் கடல்ல தள்ளணுமா?"

தினமும் பஸ் பிடித்து அடையாறுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஒரு நாள் ரசம் சாதத்தைப் பிசைந்து கொடுத்துவிட்டு, "ஆறு மாசமும் நீங்களே இருங்க சம்பந்தி. நான் வரல," என்றேன்.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் குழந்தையைத் தூக்கிட்டு நடக்கவா? நீங்களும் கூடவே கிளம்புங்க. போர்டை நான் படிக்கிறேன். நடக்கறதை நீங்க பார்த்துக்குங்க."

அப்படித்தான் போனோம். ஏர்போர்ட்டில் அவர் சக்கர நாற்காலியில் மகாராணி மாதிரி வழி சொல்ல, கைப்பைகளோடு நான் பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக. பேத்தி பிறந்தாள். குளிர் விட்டதும் சரவணன் எங்களை அந்தக் கிழக்குக் கரைக்குக் கூட்டிப்போனான். நிஜமான அட்லாண்டிக். சம்பந்தி அலையைப் பார்த்தபடி நிற்க, நான் ஆசையாகப் போய் அவர் பின்னால் நின்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு எனக்கும் பின்னால் பத்தடி தள்ளிப் போனார்.

"நீங்க முன்னாடி நில்லுங்க சம்பந்தி."

இன்றைக்கும், பெசன்ட் நகர் கடற்கரையானாலும் அதே கதைதான். கடலோரம் எடுத்த எங்கள் குடும்ப ஃபோட்டோ எதிலும் நான் மட்டும் தனியாக அலையில் நனைந்துகொண்டிருப்பேன். லீவுக்கு இங்கே வந்திருக்கிற பேத்திக்கு இப்போது நன்றாகப் பேச்சு வந்துவிட்டது. குளிப்பாட்டத் தொட்டியில் தண்ணீர் பிடித்தால் இறங்கவே மாட்டாள். என்னைக் கைகாட்டி, "முதல்ல பாட்டி," என்பாள்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லையாம்.