என் முழங்கை உயரத்தில் ஒரு சமையலறை

ஜெலுத்தோங், பினாங்கு
4 ஜனவரி

புக்கிட் மெர்தாஜாமில் குறைவற வாழும் மூத்த மச்சான் லோகேஸ்வரன் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் தயாளன் வணங்கி எழுதுவது. இங்கு நானும் வீடும் நலம். அங்கு உங்கள் முழங்கால் வலியும் ரமணி அக்காவின் சர்க்கரையும் அடங்கியிருக்கத் தண்ணீர்மலை முருகன் அருள வேண்டும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த ஆள் ஏன் தபால்தலை ஒட்டுகிறான் என்று நினைப்பீர்கள். குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டால் ரமணி அக்கா அதை அந்த நிமிடமே மெல்பர்னுக்குத் தள்ளிவிடுவார். எங்கள் மகள் மிதுஷாவின் பிரசவத்துக்காக அங்கே போயிருக்கும் ஜெயா, அதாவது உங்கள் தங்கை ஜெயலெட்சுமி, வரும் செவ்வாய்க்கிழமைதான் திரும்புகிறாள். அவள் வாசற்படி ஏறும்வரை இது இரகசியம். விஷயம் என்னவென்றால், நம் வீட்டுச் சமையலறையை அடியோடு இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டேன். ஆமாம், நான்தான். உங்கள் பேரனின் காதுகுத்து விருந்தில், நாற்பது பேர் நடுவில், “தயாளனுக்குச் சுவத்துல ஓர் ஆணி நேரா அடிக்கத் தெரியாது லா” என்று நீங்கள் சொன்னதை நான் மறந்துவிடவில்லை. மனத்தில் வைத்துக்கொள்ளவும் இல்லை. சும்மா ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய சமையலறை உங்களுக்குத் தெரியும். பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டும். பாத்திரம் கழுவும் இடத்துக்கு நேரே வெறும் சுவர். “இங்க ஒரு சன்னல் வச்சுக் குடுங்க, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்” என்று ஜெயா கல்யாணம் ஆன வருடம் கேட்டாள். நான் “பார்ப்போம்” என்றேன். மச்சான், முப்பத்திரண்டு வருடம் பார்த்தேன். துறைமுக அலுவலகத்தில் எவன் ஃபைலையும் மூன்று நாளுக்கு மேல் என் மேசையில் தங்கவிடாதவன், சொந்தப் பெண்டாட்டியின் மனுவை முப்பத்திரண்டு வருடம் அடியில் போட்டு வைத்திருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சுவரை ஒழுங்காகப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. இந்தத் தடவை அவள் உள்ளே வந்து நின்று ஒரு தரம் சிரிக்க வேண்டும். எனக்கு அது போதும்.

கன்ட்ராக்டர் ஷேக் அலாவுதீன். தங்கமான மனிதர், தொழிலில் கறார். டேப்பை எடுப்பதற்கு முன்னால் வீட்டில் சமைக்கிற ஆளைச் சுவரோரம் நிறுத்தி, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்குக் கீழே நான்கு விரல் விட்டுப் பென்சிலால் கோடு போடுவார். மேடை அந்த உயரம். பிறகு கண்ணுக்கு நேரே ஒரு கோடு, சன்னல் அங்கே. கையைத் தூக்கச் சொல்லி இன்னொரு கோடு, மசாலா அலமாரி அங்கே. “மத்தவங்க மாதிரி கடையில விக்கிற அளவுல செய்ய மாட்டேண்ணே. அடுப்படின்னா ஆளுக்குத் தச்ச சட்டை மாதிரி இருக்கணும்” என்றார். எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது.

“சரி, யாரு சமைக்கிறது? வந்து நிக்கச் சொல்லுங்க” என்றார்.

ஆள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள் என்று சொன்னால், “அப்ப அவங்க வரட்டும், மெதுவா செய்யலாம்” என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஜெயாவிடம் போன் போட்டு முழங்கை உயரம் கேட்கவும் முடியாது. ஆகவே நெஞ்சைத் தட்டி, “நான்தான் சமைக்கிறேன்” என்றேன்.

“நெசமாவாண்ணே?”

“பின்ன? முப்பத்திரண்டு வருசமா நான்தான்.”

அலாவுதீன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை ஏறியதை நான் கண்ணால் கண்டேன். “எங்க வீட்டுல நான் சுடுதண்ணி வைக்கப் போனாலே ஜன்னத் சிரிப்பா. நீங்க பெரிய ஆளுண்ணே” என்றார். ஜன்னத் அவருடைய மனைவி. அந்த மரியாதையில் நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். அதனால் கோடும் ஓர் அங்குலம் மேலே போயிருக்கலாம். நான் ஆறடி. ஜெயாவைச் சின்ன வயதில் ‘கடுகு’ என்று கூப்பிட்டவர் நீங்கள்தான். கடுகுக்கும் ஒரு மேடை போதும், அங்குலக் கணக்கெல்லாம் பெரிய விஷயமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை கச்சிதமாக முடிந்தது. கறுப்புக் கல் மேடை, முகம் பார்க்கலாம். சிறு சிறு சம்பவங்கள் இருந்தன, அவற்றைப் பிழை என்று நீங்கள் சொல்வீர்கள், நான் அனுபவம் என்பேன். குளிர்பெட்டிக்கு விட்ட இடத்தில் குளிர்பெட்டி சரியாகப் போய் உட்கார்ந்தது, கதவுதான் பாதிக்கு மேல் திறக்கவில்லை. பாதி திறந்தால் குளிர் வெளியே போகாது, மின்சாரம் மிச்சம். பின்கதவை உள்பக்கம் திறக்கிற மாதிரி வைத்துவிட்டார்கள், இப்போது அது மாவு அரைக்கும் கிரைண்டரில் இடிக்கிறது. யார் வந்தாலும் ‘டங்’ என்று சத்தம் கேட்கும். திருடன் பயம் இல்லை.

அடுப்பு மட்டும் கொஞ்சம் கதையாகிவிட்டது. நெருப்பே இல்லாத கண்ணாடி அடுப்பு வாங்கினேன், பொத்தானைத் தொட்டால் சூடாகும் இண்டக்‌ஷன் வகை. மார்கழி பிறந்துவிட்டால் புது அடுப்படியில் பால் காய்ச்ச முடியாது, தை வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. குருக்களிடம் நேரம் கேட்டேன். கார்த்திகைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை என்றார். லிட்டில் இந்தியாவுக்குப் போய்ப் புதுப் பித்தளைப் பானை வாங்கி வந்தேன். பால் பொங்க ஒரு சுமங்கலி வேண்டுமே, பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா மேடை முன்னால் போய் நின்றார். கல் அவர் நெஞ்சு வரை வந்தது. “என்ன தயாளன், பேங்க் கவுண்டர் மாதிரி இருக்கு லா” என்றார். அவர் இயற்கையிலேயே கட்டை என்று சமாதானம் சொல்லி, ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் ஏற்றிவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, ஜெயா அவரைவிட இரண்டு விரல் குறைவு.

பானையை வைத்தால் அடுப்பு கீ கீ என்று கத்துகிறது, சூடாக மாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் பொத்தானை அமுக்கினேன். “அண்ணே, இந்த அடுப்புக்குப் பித்தளை சேராது, காந்தம் ஒட்டுற சட்டிதான் வேணும்” என்று அலாவுதீன் சொன்னபோது மணி பத்து. புஷ்பவள்ளி அக்கா பெயிண்ட் டின்னிலிருந்து குதித்து ஓடி, தன் வீட்டுச் சின்ன கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் அடுப்பின் மேலேயே வைத்தார். பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குப் பால் பொங்கியது, அதுவும் கிழக்குப் பக்கம். ஒரே நேரத்தில் இரண்டு அடுப்பின் மேல் பால் காய்ச்சிய வீடு இந்தத் தீவிலேயே நம் வீடாகத்தான் இருக்கும்.

உயரத்துக்கும் வழி செய்துவிட்டேன். ஜெயா ஏறி நின்று சமைக்க ஒரு முக்காலி, தேக்குப் பலகை, நானே ஆணி அடித்தேன். எல்லா ஆணியும் நேர்.

ஆகவே மச்சான், தைப்பொங்கலுக்கு நீங்களும் ரமணி அக்காவும் குடும்பத்தோடு வந்து, ஜெயா கையால் சாப்பிட்டு, அந்தக் காதுகுத்துப் பேச்சைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். காலை எதுவும் சாப்பிடாமல் பசியோடு வாருங்கள். பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, உங்கள் முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பு.

இப்படிக்கு,
ஆணி அடிக்கத் தெரிந்த
தயாளன்

பி.கு. (9 ஜனவரி): கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் ஜெயா வந்துவிட்டாள். சமையலறைக்குள் வந்து நின்றாள். கல்லைத் தடவினாள். சன்னலைப் பார்த்து, “வச்சுட்டீங்களா” என்றாள், கண் கலங்கியது, சிரிக்கவும் செய்தாள். நான் முக்காலியை எடுத்து வரத் திரும்பிய நேரம் பார்த்து, குழாய் பூட்ட வந்திருந்த அலாவுதீனிடம், “மேடை ஏன் தம்பி இவ்ளோ உயரம்?” என்று கேட்டுவிட்டாள். அந்தத் தங்கமான மனிதர், “அண்ணன் உயரத்துக்கு எடுத்தது அக்கா. அவருதானே முப்பத்திரண்டு வருசமா சமைக்கிறாரு, நெஞ்சத் தட்டிச் சொன்னாரு” என்றார்.

ஜெயா என்னைப் பார்த்தாள். முக்காலியை என் கையிலிருந்து வாங்கினாள், அதன்மேல் ஏறவில்லை, உட்கார்ந்தாள். “அப்ப சமைங்க” என்றாள்.

இன்றோடு நான்கு நாள் ஆகிறது. அவள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து, “பருப்பக் கிண்டுங்க, உப்பப் போடுங்க” என்று சொல்கிறாள். அங்கிருந்து சன்னலில் கொல்லைப்புறத்து முருங்கை மரம் தெரியாது, வானம் மட்டும்தான். “பரவால்ல, முப்பத்திரண்டு வருசத்துக்கு அப்புறம் உட்காந்து பாக்குறேன்” என்கிறாள். நேற்று என் ரசத்தை அவள் இரண்டு தரம் கேட்டாள். முதல் தரம் “இது என்ன” என்று, இரண்டாம் தரம் “ரசமா” என்று. ஆனால் உயரத்தைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது மச்சான், முதுகு வலியே இல்லை, எனக்குத் தச்ச சட்டை மாதிரி இருக்கிறது.

பொங்கலுக்குக் கட்டாயம் வாருங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.