முழு மாத்திரை

மாத்திரையின் ஒரு பாதி கையில் இருந்தது. இன்னொரு பாதி பிளேடு பட்டதும் துள்ளிப் போய் வாஷிங் மெஷினுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. பஸ் டிரைவர் குளியலறைத் தரையில் குப்புறப் படுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் அதைத் துழாவிக்கொண்டிருந்தார். நாற்பதடி வண்டியைச் சந்து சந்தாக வளைத்து ஓட்டுகிற மனுஷனுக்கு, நாலு விரல்கடை இடுக்கிலிருந்து ஒரு துண்டு மாத்திரையை வெளியே கொண்டுவர முடியவில்லை. அதைவிடப் பெரிய தப்பு, கதவைத் தாழ்ப்பாள் போட மறந்தது.

"என்னங்க பண்றீங்க?"

டிரைவர் தலையைத் தூக்கினார். மெஷினில் நங்கென்று இடித்துக்கொண்டார். வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. கரப்பான் பூச்சி."

"கரப்பான் பூச்சியை பிளேடு வெச்சா அறுப்பாங்க?"

பிளேடு வாஷ்பேசின் ஓரத்தில் பளபளவென்று கிடந்தது. பக்கத்தில் பிரஷர் மாத்திரை அட்டை. அதன் பக்கத்தில், ஒரு சின்ன டப்பாவில், அழகாகப் பாதி பாதியாக வெட்டி வைத்த ஆறு துண்டுகள். சாட்சி, தடயம், ஆயுதம் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் எந்தத் திருடனால்தான் என்ன பேச முடியும்? டிரைவர் எழுந்து உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"மூணு வருஷமா."

"மூணு வருஷமா! அப்போ பிரஷர்னு கண்டுபிடிச்ச நாள்லேருந்தா?"

"அன்னிக்கு மருந்துக் கடையில சீட்டை நீட்டினேன். விலையைச் சொன்னான். 'பதினஞ்சு மட்டும் குடு'ன்னேன். பதினஞ்சை முப்பது நாளைக்கு வெட்டிக்கிட்டேன். அதுக்கப்புறம் விலை ஏறிக்கிட்டே போச்சு, நானும் வெட்டிக்கிட்டே போயிட்டேன்."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஒவ்வொரு தடவையும் பார்த்துட்டு, 'நல்லாயிருக்கு, இப்படியே சாப்பிடுங்க'ன்னு தட்டிக் குடுத்து அனுப்புவாரு. எனக்கே பாவமா இருக்கும்."

மனைவி ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் காஜா எடுப்பவள். ஒரு நூல் பிசகினாலும் பிரித்து மறுபடி போடுகிற ஜாதி.

"என் தைராய்டு மாத்திரையை மட்டும் தீரத் தீர முழு அட்டையா வாங்கிட்டு வர்றீங்களே?"

"உன்னுதை வெட்ட முடியுமா? உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

முப்பது நாள் அட்டை தன்னிடம் மட்டும் எப்படி நாற்பத்தைந்து நாள் வருகிறது என்பதை அவள் அப்போது சொல்லவில்லை. நாமும் போட்டுக் கொடுக்க வேண்டாம்.

"நல்லா கேட்டுக்கோங்க. இன்னும் பதினோரு நாள்ல டிப்போவில வருஷாந்திர மெடிக்கல். போன வருஷம் ஏதோ அதிர்ஷ்டத்துல தப்பிச்சீங்க. இந்த வருஷம் புது மிஷின் வாங்கியிருக்காங்களாம். பிரஷர் சரியில்லேன்னா வண்டியை விட்டு இறக்கிடுவாங்க."

இதைச் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. டிரைவர் இரவும் பகலும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். வண்டியை விட்டு இறக்கினால் ஷெட்டில் உட்கார்ந்து கிழிந்த டிக்கெட் கட்டுகளை எண்ண வேண்டும். சம்பளமும் இறங்கும். சம்பளம் போனால்கூடப் போகட்டும்; ஸ்டியரிங் இல்லாமல் அவர் என்ன செய்வார்? ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டையே இரண்டு கையாலும் பிடித்து லேசாக இடது பக்கம் வளைக்கிறவர் அவர்.

"நாளையிலேருந்து முழு மாத்திரை. என் கண்ணு முன்னாடி."

"சரி."

"நாக்கைத் தூக்கிக் காட்டணும்."

"ஏய், நான் என்ன சின்னப் புள்ளையா?"

"அதைவிட மோசம்" என்று சொல்லி, பிளேடைக் குப்பையில் போட்டாள்.

மூன்று நாள் நாக்கைத் தூக்கிக் காட்டினார். மூன்றாம் நாள் மதியம், மார்க்கெட் நிறுத்தத்தில் வண்டியை எடுக்கும்போது எதிரே ஒரு சிக்னலுக்கு இரண்டு சிக்னல் தெரிந்தது. இரண்டும் பச்சையாக இருந்ததால் பரவாயில்லை என்று நினைத்தார். அப்புறம் இரண்டும் சேர்ந்து மெல்லச் சுற்ற ஆரம்பித்தன. நல்ல வேளை, சட்டென்று பிரேக் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துவிட்டார்.

"அண்ணே, என்னாச்சு?" என்று ஓடி வந்தார் கண்டக்டர். வாயில் எப்போதும் விசில் இருப்பதால் அவருக்கு விசில் என்றே பெயர்.

"தலை சுத்துது விசிலு."

"வண்டி எப்போ சார் கிளம்பும்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"அவருக்குத் தலை நின்னதும் கிளம்பும்!" என்று விசில் கத்தினார். அப்படியே ஆட்டோ பிடித்து டிரைவரை வீட்டுக்கு அனுப்பினார். டிப்போவில் மட்டும் வயிற்றுப்போக்கு என்று சொல்லி லீவு வாங்கிக் கொடுத்தார். தலைசுற்றல் என்று சொன்னால் மெடிக்கலுக்கே கூப்பிட மாட்டார்கள், நேரே ஷெட்தான்.

மனைவிக்குக் கை கால் ஓடவில்லை. "மூணு வருஷம் பாதி பாதியா சாப்பிட்டதுக்கு உடம்பு இப்போ வட்டி கேக்குது. அந்த கிளினிக் டாக்டர்கிட்டப் போவோம்."

"ஐயையோ, வேண்டாம். மூணு வருஷமா ஏமாத்தியிருக்கேன். அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"அப்போ பெரிய ஆஸ்பத்திரி."

பெரிய ஆஸ்பத்திரி உண்மையிலேயே பெரியது. தலை சுற்றுகிறது என்று சொன்னதும், காதுக்கு ஒரு மாடி, கண்ணுக்கு ஒரு மாடி, நெஞ்சுக்கு ஒரு மாடி, தலைக்கு ஒரு மாடி என்று லிஃப்டில் ஏற்றி இறக்கினார்கள். சுற்றாத தலையும் சுற்றியிருக்கும். பிரஷரும் பார்த்தார்கள். ஆனால் அதற்கு முன்னால் பில்லைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பில்லைப் படித்து முடித்த நிமிஷத்தில் பார்த்தபோது பிரஷர் கச்சிதமாக இருந்தது.

சாயங்காலம் ஒரு பெரிய உறை வந்தது. எல்லாம் நார்மல்.

"இவ்வளவு செலவு பண்ணியும் ஒண்ணுமே இல்லையா?" என்று மனைவி கேட்டாள். ஏதாவது கொஞ்சமாவது கண்டுபிடித்திருக்கலாமே என்ற ஆதங்கம் அவள் குரலில் இருந்தது.

"தலைசுற்றலுக்கு மாத்திரை எழுதியிருக்கேன்" என்றார் அந்த மாடியின் டாக்டர். "அதைச் சாப்பிட்டாத் தூக்கம் வரும். தூக்கம் கலைய இன்னொண்ணு. அது வயித்தைப் புண்ணாக்கும், அதுக்கு இது."

"வயித்து மாத்திரை என்ன பண்ணும் டாக்டர்?"

"சிலருக்குத் தலை சுத்தும்."

தன் துணிக் கம்பெனி கொடுத்த காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு மனைவி கவுண்டருக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செல்லாதும்மா. தலைசுற்றல் நோய் கிடையாது. அது அறிகுறி. அட்டை நோய்க்குத்தான்."

"என்ன நோய்னு உங்க டாக்டருங்களுக்கே தெரியலையே?"

"தெரியாத நோய்க்கு எப்படிம்மா குடுக்கறது? மயங்கி விழுந்து, இருபத்திநாலு மணி நேரம் உள்ள படுத்திருந்தா யோசிக்கலாம்."

"விழணுமா?"

"நாங்க விழச் சொல்லலை. விழுந்தா படிவம் இருக்குன்னு சொல்றோம்."

டிரைவர் அங்கே கல்லுக்குண்டு மாதிரி நின்றார். ஆட்டோவில் வரும்போதும் நேராக உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றக் குனிந்தவர், இல்லாத நாற்காலியில் உட்காரப் போய்ப் பொத்தென்று விழுந்தார்.

"அடக் கடவுளே! இப்படி அந்தக் கவுண்டர்கிட்ட விழுந்திருக்கக் கூடாதா?" என்று கத்திக்கொண்டே ஓடி வந்து அவரைத் தூக்கினாள். தூக்கின கையோடு அழுதும்விட்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது. இருபத்தாறு வருஷமாகப் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிற மனுஷன், கண்ணெதிரே துணி மூட்டை போலக் கிடந்தால் பயம் வராதா?

அதன் பிறகு அவள் இன்னும் கண்டிப்பானாள். மாத்திரை அட்டவணை ஒன்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். காலையில் முழு பிரஷர் மாத்திரை. பத்து மணிக்குத் தலைசுற்றல். மதியம் தூக்கம் கலைக்க. அப்புறம் வயிறு. ஒவ்வொன்றுக்கும் போனில் ஒரு மணி அடித்தது. ஒவ்வொரு மணிக்கும் டிரைவர் நாக்கைத் தூக்கிக் காட்டினார். வாயே ஓய்ந்துபோனது.

"எனக்கு நல்லாயிட்டு வருது" என்று அவளைத் தேற்றப் பார்த்தார்.

"யார்கிட்ட சொல்றீங்க? அது நான் இல்ல, அலமாரி."

மெடிக்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது விசில் வந்தார். டிரைவர் சுவரைப் பிடித்து நடப்பதைப் பார்த்துவிட்டு விசிலை வாயிலிருந்து எடுத்தார். அது ரொம்ப அபூர்வமான காரியம்.

"அண்ணே, இப்படியே திங்கட்கிழமை வந்தீங்கன்னா, உங்க சீட்ல யாரை உட்கார வைக்கறதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிடுவாங்க. வெட்கத்தைப் பார்க்காதீங்க. பழைய டாக்டர்கிட்டயே போய் காலைப் பிடிங்க."

டிரைவர் சுவரோரமாகவே தரையில் உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. கடைசியில், "சரி, போய் உண்மையைச் சொல்லிடறேன். திட்டினா திட்டட்டும்" என்றார்.

கிளினிக் ஒரு மருந்துக் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. வெளியே பத்து பிளாஸ்டிக் நாற்காலி. மேலே ஒரு டிவி. டிவியில் நாலு பேர் மருத்துவச் செலவைக் குறைப்பது பற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கு அரசாங்கமே விலை வைக்க வேண்டும் என்றார் ஒருவர். வைத்தால் மருந்தே வராது என்றார் இன்னொருவர். எல்லாருக்கும் இலவச அட்டை என்றார் மூன்றாமவர். அட்டைக்கான பணம் யார் பையிலிருந்து வரும் என்று முதலாமவர் எகிறினார்.

"இவங்க முடிவு பண்றதுக்குள்ள நமக்கு வியாதியே விட்டுப் போயிடும்" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

அப்போது நாலாமவர் விரலை நீட்டிச் சொன்னார்: "உண்மையான பிரச்சினை மக்கள்தான். டாக்டர் எழுதினபடி யாருமே மாத்திரை சாப்பிடறதில்லை!"

"கேட்டுக்கோங்க!" என்று மனைவி டிரைவரின் தொடையில் கிள்ளினாள். அங்கே உட்கார்ந்திருந்த மற்ற எட்டுப் பேரும் ஏனோ ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தார்கள்.

"இருபத்திமூணு!"

டோக்கன் அம்மா கூப்பிட்டாள். இந்த கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது, பிரஷர் பார்ப்பது, சத்தம் போடுகிறவர்களை அதட்டுவது எல்லாம் அவள்தான். டிரைவரை ஸ்டூலில் உட்கார வைத்து, கையில் பட்டையைச் சுற்றி, புஸ் புஸ்ஸென்று காற்றடித்தாள். முள்ளைப் பார்த்தாள். பட்டையை அவிழ்த்து இன்னொரு கையில் சுற்றினாள். மறுபடி பார்த்தாள்.

"என்ன சார் இது, பிரஷர் பாதாளத்துல கிடக்கு? இதை வெச்சுக்கிட்டா நடந்து வந்தீங்க?"

டிரைவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உள்ளே போய்ச் சொல்ல வேண்டியதை அங்கேயே கொட்டிவிட்டார்.

"என்னை மன்னிச்சுடுங்கம்மா. மூணு வருஷமா நான் டாக்டரை ஏமாத்திட்டேன். விலை கட்டுப்படியாகாம மாத்திரையைப் பாதியா வெட்டித்தான் சாப்பிட்டேன். அந்தப் பாவம்தான் இப்போ இப்படிப் பிடிச்சு ஆட்டுது. திங்கட்கிழமை மெடிக்கல். எப்படியாவது என்னை வண்டியில உட்கார வெச்சுடச் சொல்லுங்க."

"இப்போ அப்படி இல்லம்மா" என்று மனைவி அவசரமாக முன்னே வந்தாள். புருஷன் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே. "நான் கண்டுபிடிச்சுட்டேன். ஏழு நாளா, டாக்டர் எழுதினது எழுதினபடி, என் கையால முழு மாத்திரை குடுக்கறேன். ஒரு வேளை தவறலை."

டோக்கன் அம்மாவின் கையிலிருந்த ரப்பர் பந்து அப்படியே நின்றது. அவள் உள் கதவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு குனிந்து, மனைவியின் காதோடு சொன்னாள்:

"ஐயோ, முழுசாவா குடுத்தீங்க? விலையைப் பார்த்துட்டு எப்படியும் பாதிதான் சாப்பிடுவாங்கன்னு, டாக்டர் இங்க எல்லாருக்குமே ரெண்டு பங்காதானேம்மா எழுதறாரு!"