கழிவுக் கேனில் என் முதல் பெப்டைட்

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் கை பழகிவிடும், மூளை தூங்கிவிடும். என் மூளை தூங்கிய நாளுக்கு ஓர் ஆய்வுக்கூடமே சாட்சி.

தொண்ணூறுகளின் கடைசியில், வைட்ஃபீல்டில் பெப்டைட் என்ற குட்டிப் புரதங்களைச் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. தங்கவயலிலிருந்து தினமும் ரயில். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

வேலை இதுதான். ரெசின் என்று ரவை போன்ற பிளாஸ்டிக் மணிகள். அவற்றில் லிங்கர் என்ற கொக்கிகள். கொக்கியில் ஓர் அமினோ அமிலத்தை மாட்டி, அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று கோத்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் மணிகளைக் கழுவி வடிகட்டி, திரவத்தைக் கொட்டிவிடலாம். கடைசியில் அமிலம் ஊற்றினால் கொக்கி கழன்று பெப்டைட் திரவத்துக்கு வந்துவிடும். அன்றைக்கு மட்டும் மணிதான் குப்பை, திரவம்தான் சரக்கு.

அந்தக் கடைசி நாளிலும் நான் வழக்கம்போல் வடிகட்டினேன். வழக்கம்போல் திரவத்தைக் கழிவுக் கேனில் கொட்டினேன். மணிகளை உலர்த்திக் குப்பியில் போட்டு, என் பெயரை எழுதி ஒட்டி (அதுவும் கொட்டை எழுத்தில்), எங்கள் பிரிவுத் தலைவர் சுகந்தி மேடத்திடம் கொடுத்தேன். அந்த வாரமே வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய சரக்கு.

மேடம் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போட்டார். "கரையலையே."

"சில பெப்டைட் பிடிவாதம் பிடிக்கும் மேடம்," என்றேன், வேலைக்குச் சேர்ந்து ஒரே மாதமான நான். "கொஞ்சம் சூடு பண்ணா சரியாயிடும்."

சூடு பண்ணினேன். குலுக்கினேன். கண்ணாடிக் குச்சியால் கடைந்தேன். மணி மணியாகவே இருந்தது. பக்கத்து மேசை மஞ்சுநாத் கன்னடம் கலந்து மெதுவாகக் கேட்டான்: "ஏனம்மா, ஆசிட் ஊத்தி வடிச்சியே, அந்த லிக்விட் எல்லி? எங்க வெச்சே?"

என் மேசைக்குப் பக்கத்திலிருந்த கேனைக் காட்டினேன்.

"புதுசா ஆரம்பிச்சிடு. கஸ்டமர்கிட்ட நான் பேசிக்கறேன்," என்றார் மேடம். திட்டியிருந்தால் தேவலை.

"வேணாம் மேடம். கேன்லேர்ந்து எடுக்கறேன்."

"கழிவுக் கேன்லேர்ந்தா?"

"காலையில மாத்தின புதுக் கேன்தான் மேடம்."

புதுக் கேன்தான். ஆனால் அதற்குள் மஞ்சுநாத் தன் சோதனைக் குழாய்களில் மிஞ்சியிருந்த ஊதாச் சாயத்தை அதில் கொட்டியிருந்தான். அந்த ஊதாக் குழம்பைச் சுண்டவைத்து, குளிர்ந்த ஈதரில் சொட்டுச் சொட்டாக விட்டேன்; அதில் பெப்டைட் கரையாமல் தூளாகப் படியும். அமிலத்தோடு சேர்க்கிற கந்தகச் சரக்கின் அழுகின முட்டை நாற்றம் முழுக்க என் துப்பட்டாவில். அன்று மாலை ரயிலில் முதல்முறையாக ஜன்னல் சீட் கிடைத்தது. எதிர் சீட்டும் காலி.

மறுநாள் குழாயின் அடியில் லேசாக ஊதா தட்டிய வெள்ளைத் தூள் படிந்திருந்தது. சுத்தம் செய்து சோதித்துப் பார்த்தோம். பெப்டைட்தான். பாதிக்குமேல் திரும்ப வந்திருந்தது.

மேடம் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அனுப்பிடலாம். இனிமே கேனை உன் டேபிள் பக்கத்துல வெக்காத."

வேலை நிரந்தரமானது. ஆனால் வீட்டில் வாய் திறந்தது தப்பு. தங்கச் சுரங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அப்பா முழுக்கக் கேட்டுவிட்டு அம்மாவிடம், "தங்கத்தக் கொட்டிட்டு கல்லப் பொட்டலம் கட்டிக் குடுத்திருக்கா," என்றார். தெரு முழுக்கப் பரவிவிட்டது.

இப்போது ஈஜிபுரா வீட்டில் நான் பட்டாணி உரிக்க உட்கார்ந்தால், என் மகள் இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்து முன்னால் வைக்கிறாள். "எது குப்பைன்னு முதல்ல சொல்லும்மா. அப்புறம் உரி."